இயக்குநர் ஜான் டாலும் ‘டெக்ஸ்டர்’ நாடகமும்

குற்றம் புரிந்தாரை ஆராய்ந்து ஒறுத்தல் அரசின் கடன் என்பது எல்லா நாட்டாருக்கும் ஒப்ப முடிந்த கொள்கையாகும். ஆயின், அவ்வரசு அக்கடனிற் சோர்வுறின் என் செய்வது? கொலைஞன் ஒருவன் சான்று போதாமையால் விடுதலை பெற்று வீதியில் நிமிர்ந்து நடப்பானாயின், அவனை ஒறுத்தற்கு உரியவர் யாவர்? இவ்வினா மிகப் பழையது. அதனை நம் காலத்தில் மீண்டும் எழுப்பிக் கோடிக்கணக்கானோர் இல்லங்களுள் விடுத்தது, அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சி நாடகமாகிய ‘டெக்ஸ்டர்’ என்பது. அந்நாடகத்தின் பல பகுதிகளை நடத்தித் தந்தவர் ஜான் டால் என்னும் திரைப்பட இயக்குநர். அவருடைய திரைப்பணி எத்தகையது, அப்பணி தொலைக்காட்சியிற் புகுந்தது எங்ஙனம், தானே தண்டம் விதிப்பான் ஒருவன் கதை பருவந்தோறும் புதுப்பிக்கப்படுங்கால் அதன்கண் உள்ள அறம் யாதாகின்றது என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

இளமையும் பயிற்சியும்

ஜான் டால் 1956-ஆம் ஆண்டில் மான்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரிற் பிறந்தவர். அது மலையும் புல்வெளியும் நீண்ட சாலைகளும் உடைய நாடு. ஊர்க்கும் ஊர்க்கும் இடையே பல மைல் வெறுவெளி கிடக்கும். அம்மாநிலப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் லாஸ் ஏஞ்செல்ஸிலுள்ள அமெரிக்கத் திரைப்படக் கழகத்திலும் அவர் பயின்றார். தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட தொழில்களுள் ஒன்று, படம்பிடிக்கப் புகுமுன் ஒவ்வொரு காட்சியையும் தாளில் வரைந்து காட்டும் தொழிலாகும். யார் எங்கு நிற்பர், ஒளி எப்பக்கத்திருந்து வரும், கதவு எப்பொழுது திறக்கும் என்பவற்றை முன்னரே கண்ணாற் கண்டு வரைதல் வேண்டும். பிற்காலத்தே அவர் இயக்கிய காட்சிகளிற் காணப்படும் ஒழுங்கிற்கு இப்பயிற்சியே அடிப்படை எனக் கருதுதல் தவறாகாது.

மூன்று கரும்படங்கள்

‘நுவார்’ என்பது கருமை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இருளும் வஞ்சகமும் நிறைந்த அமெரிக்கக் குற்றப் படங்களை 1946-இல் கண்ணுற்ற பிரெஞ்சுத் திறனாய்வாளர் அவற்றிற்கு இப்பெயரை வழங்கினர். அம்மரபைப் புதுக்கியோருள் ஜான் டால் ஒருவர். அவருடைய முதற்படம் 1989-இல் வெளிவந்த ‘கில் மீ அகெய்ன்’ என்பது. வால் கில்மர் அதிற் சிறு துப்பறிவாளனாக நடித்தார். அதனினும் சிறந்தது, தம் உடன்பிறந்தாராகிய ரிக் டாலுடன் கூடி எழுதி அவர் இயக்கிய ‘ரெட் ராக் வெஸ்ட்’ என்பது.

அதன் கதை வருமாறு. மைக்கேல் என்பான் படையில் இருந்தபோது காலிற் காயமுற்றவன். எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைக்கும் என நம்பி டெக்சாஸினின்று வயோமிங் வரை தன் பழைய காரில் வருகின்றான். விண்ணப்பத்தில் தன் காயத்தை மறையாது எழுதுகின்றான். அவ்வாய்மையாலேயே வேலையை இழக்கின்றான். கையிற் காசின்றி ரெட் ராக் என்னும் சிற்றூரின் மதுக்கடையிற் புகுந்தவனைக் கடைக்காரன் வேறொருவன் என மயங்குகின்றான். தன் மனைவியைக் கொல்ல வருவித்த கூலிக்கொலைஞன் இவனே எனக் கருதிப் பணமும் தருகின்றான். மைக்கேல் அப்பெண்ணிடம் சென்று உண்மையை உரைக்கின்றான். அவளோ, இருமடங்கு தருவேன், என் கணவனைக் கொன்றுவிடு என்கின்றாள். ஊரைவிட்டு ஓட முயல்பவனுக்கு அடுத்து ஒரு செய்தி காத்திருக்கின்றது. அம்மதுக்கடைக்காரனே அவ்வூர்க் காவல் தலைவனும் ஆவான்! வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காக்க வேண்டியவனே கொலைக்கு விலை பேசியவன்.

தமிழ் பயிலும் நமக்கு இப்படம் பாலைத்திணையை நினைவூட்டுகின்றது. வறண்ட நிலம், நீண்ட வழி, பொருள் தேடிச் செல்லும் வழிப்போக்கன், அவ்வழியில் ஆறலைப்போர் என்னும் இவையெல்லாம் அதில் உள. ஒரு வேறுபாடு: ஆறலை கள்வர் இங்கே காட்டில் மறைந்திரார், பதவி முத்திரை அணிந்து ஊர்நடுவே வீற்றிருப்பர். எனினும், படத்தின் முடிவில் மைக்கேல் ஓடும் புகைவண்டியிலிருந்து பணத்தைக் காற்றில் எறிந்துவிடுகின்றான். நல்லவன் ஆயினும் பலமுறை தடுமாறியவன், இறுதியில் ஒரு முடிவிற்கு வருகின்றான்.

மூன்றாவது படம் 1994-இல் வந்த ‘தி லாஸ்ட் செடக்ஷன்’. கணவன் ஈட்டிய கள்ளப் பணத்தைக் கவர்ந்துகொண்டு ஒரு சிற்றூரில் ஒளிந்து வாழும் பிரிஜட் என்னும் பெண்ணின் கதை அது. லிண்டா பியோரன்டினோ அவளாக நடித்தார். அவள் அறிவிற் சிறந்தவள். இரக்கம் அறவே அற்றவள். படத்தின் இறுதியில் அவளுக்குத் தண்டனை இல்லை. தீயோர் தண்டனை பெறாது போகும் அக்கொடுமையை இயக்குநர் யாதொரு விளக்கமும் கூறாது நம்முன் வைத்து அமைகின்றார். இச்செய்தியை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

அரங்கும் இல்லமும்

இவ்விரு படங்களும் பட்ட பாடு கேட்கத்தக்கது. ‘ரெட் ராக் வெஸ்ட்’ படத்தை அமெரிக்காவில் விற்க உரிமை பெற்றோர், அஃது அரங்குகளில் ஓடாது எனக் கருதி 1993-இல் எச்.பி.ஓ. என்னும் கட்டணத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டனர். அதன் பின்னர், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ராக்ஸி என்னும் சிறு திரையரங்கினர் அதனைப் பெற்றுத் திரையிட்டனர். மக்கள் திரண்டு வந்தனர். பிற நகரத்தாரும் அதனை வேண்டிப் பெற்றனர். முன்னரே வீட்டில் இலவசம் போலக் காட்டப்பட்ட படத்தைக் காசு கொடுத்துக் காண மக்கள் வந்தது வியப்பன்றோ!

‘தி லாஸ்ட் செடக்ஷன்’ படமும் அரங்கிற்கு வருமுன் எச்.பி.ஓ.வில் ஒளிபரப்பாயிற்று. அதனால் விளைந்த கேடு பெரிது. லிண்டா பியோரன்டினோ நியூயார்க் திரைத் திறனாய்வாளர் குழுவின் சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார். ஆயின், ஆஸ்கர் பரிசிற்கு அவரை ஆராயவும் இயலாது போயிற்று. தொலைக்காட்சியில் முதலிற் காட்டப்பட்ட படம் அப்போட்டிக்குத் தகுதியற்றது என்பது அந்நாளைய விதி. கலைக்குப் பிறப்பிடத்தால் உயர்வு தாழ்வு கற்பித்த அவ்விதியின் வன்மையை ஜான் டால் தம் இளமைத் தொழிலிலேயே உணர்ந்தார் எனலாம். அரங்கம் உயர்ந்தது, இல்லத்துப் பெட்டி தாழ்ந்தது என்னும் அவ்வேலி பின்னர்ப் பெரிதும் சரிந்தது. சரிந்த காலத்தே அதனைக் கடந்து சென்றோருள் அவரும் ஒருவராயினார்.

பிற்காலப் படங்கள்

1996-இல் வந்த ‘அன்பர்கெட்டபிள்’ வெற்றி பெறவில்லை. மனைவியைக் கொன்றான் என்னும் ஐயத்திற்கு ஆளாகி விடுபட்ட ஒரு பிணப்பரிசோதனை மருத்துவன், உண்மைக் கொலைஞனைத் தானே தேடிப் புறப்படும் கதை அது. 1998-இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ சீட்டாட்டத்தைப் பற்றியது. மாட் டேமன், எட்வர்ட் நார்டன், ஜான் மால்கோவிச் ஆகியோர் நடித்த அப்படம் வெளிவந்தபோது பெரும் பொருள் ஈட்டிற்றில்லை. சில ஆண்டுகள் கழித்துப் போக்கர் ஆட்டம் அமெரிக்காவிற் பரவியபோது அவ்வாட்டக்காரர் அனைவரும் போற்றும் படமாயிற்று. 2001-இல் வந்த ‘ஜாய் ரைட்’ படத்தில், இளைஞர் இருவர் வானொலிக் கருவியின் வழியே ஒரு லாரி ஓட்டியை விளையாட்டாக ஏமாற்றுகின்றனர். அவனோ அச்சிறு குறும்பிற்குக் கொலையையே தண்டமாக விதித்து அவர்களைத் தொடர்கின்றான். தானே நீதிபதியாகியவனுக்குக் குற்றத்தின் அளவும் தண்டத்தின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதற்கு இது நல்ல சான்று.

2005-இல் வந்த ‘தி கிரேட் ரெய்டு’ அவர் எடுத்த படங்களுட் பெரியது. 1945 சனவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கபனட்டுவான் சிறைமுகாமிலிருந்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட போர்க்கைதிகளை மீட்ட வரலாற்றைக் கூறுவது. படம்பிடித்து நெடுநாள் கிடப்பிற் கிடந்து வெளிவந்த அது, செலவிட்ட பணத்தின் சிறு பகுதியையே ஈட்டிற்று. 2007-இல் பென் கிங்ஸ்லி நடித்த ‘யு கில் மீ’ வந்தது. குடியால் தொழில் கெட்ட ஒரு கூலிக்கொலைஞன் குடியை விட முயல்வதே அதன் கதை. கொலையைப் பற்றி நாணாதவன் குடியைப் பற்றி நாணுகின்றான் என்னும் முரணே அதன் நகைச்சுவை.

இதன் பின்னர் அவருடைய உழைப்புத் தொலைக்காட்சிக்கே உரியதாயிற்று. ‘பிரேக்கிங் பேட்’, ‘ரே டோனவன்’, ‘பில்லியன்ஸ்’ முதலிய பல நாடகங்களில் அவர் பகுதிகளை இயக்கினார். ‘பில்லியன்ஸ்’ நாடகத்தை ஆக்கியோருள் இருவர், முன்னர் ‘ரவுண்டர்ஸ்’ கதையை எழுதியவரே.

தொலைக்காட்சியில் இயக்குநரின் நிலை திரைப்படத்தில் உள்ளது போன்றதன்று. நாடகத்தின் போக்கை வகுப்பவர் தலைமை எழுத்தாளர். இயக்குநர் பலர் மாறி மாறி வந்து ஒவ்வொரு பகுதியை நடத்தித் தருவர். நடிகரும் அரங்கமும் நிறமும் இசையும் முன்னரே அமைந்தவை. பிறர் எழுப்பிய வீட்டில் ஓர் அறையைக் கட்டித் தருவதற்கு ஒப்பானது அது. அவ்வறையில் தன் கைத்திறம் விளங்கல் வேண்டும். வீட்டின் வடிவமும் கெடுதல் கூடாது.

டெக்ஸ்டரின் கதை

ஜெப் லின்ட்சே என்பார் 2004-இல் வெளியிட்ட புதினத்தினின்று பிறந்தது ‘டெக்ஸ்டர்’. 2006 அக்டோபர் முதல் 2013 செப்டம்பர் வரை ஷோடைம் தொலைக்காட்சியில் 8 பருவங்களாக, 96 பகுதிகளாக அது வெளிவந்தது. மைக்கேல் சி. ஹால் தலைமை மாந்தராக நடித்தார்.

டெக்ஸ்டர் மார்கன் குழந்தையாயிருந்தபோது, தன் தாய் ஒரு சரக்குப் பெட்டியுள் கொடூரமாகக் கொல்லப்படுவதைக் கண்டவன். ஹாரி என்னும் காவலர் அவனை எடுத்து வளர்த்தார். அவன் உள்ளத்தே கொலைவெறி வளர்வதை உணர்ந்த அவர், அதனை மாற்ற முயலாது அதற்கு ஒரு நெறி வகுத்தார். சட்டத்திற்குத் தப்பிய கொலைஞரையே கொல்லுதல் வேண்டும், கொல்லுமுன் ஐயமற ஆராய்தல் வேண்டும், எஞ்ஞான்றும் அகப்படலாகாது. இதுவே ஹாரியின் நெறி. வளர்ந்த டெக்ஸ்டர் மயாமிக் காவல்துறையில் குருதித் துளிகளை ஆராயும் அறிஞனாகின்றான். பகலில் கொலைஞரைக் கண்டுபிடிக்கத் துணைசெய்கின்றான். இரவில் தானே கொலைஞனாகி, உடலைத் தன் படகிற் கொண்டுசென்று கடலில் எறிகின்றான். அவனுடைய வளர்ப்புத் தங்கை டெப்ராவும் அதே காவல்துறையில் பணிபுரிகின்றாள்.

‘ரெட் ராக் வெஸ்ட்’ கதையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. அங்கே காவலன் உள்ளே கொலைஞன்; இங்கே கொலைஞன் வெளியே காவலன். அங்கே நாம் காவலனை வெறுக்கின்றோம். இங்கே கொலைஞனை விரும்பத் தொடங்குகின்றோம். இவ்விருப்பத்தை உண்டாக்கும் வழி யாதெனின், கதையை அவன் வாயாலேயே கூறச் செய்தலாம். அவன் கண்கொண்டே நாம் காண்கின்றோம். அவன் அகப்படுவானோ என நாம் அஞ்சுகின்றோம். கொலைஞனுக்காக அஞ்சும் நெஞ்சம் நமக்கு எவ்வாறு வந்தது? இந்நாடகம் நம்மைக் கேட்கும் உண்மையான வினா இதுவே.

டால் இயக்கிய பகுதிகள்

2008-இல் வந்த மூன்றாம் பருவத்திலிருந்து ஜான் டால் இந்நாடகத்திற் பங்கு கொண்டார். அப்பருவத்தின் பொருள் ஆழமானது. மிகெல் பிராடோ என்னும் அரசு வழக்கறிஞன் டெக்ஸ்டரின் தோழனாகி அவனது நெறியைக் கற்றுக்கொள்கின்றான். கற்றவன் முதலிற் செய்த செயல்களுள் ஒன்று, நீதிமன்றத்தில் தன்னை எதிர்த்து வாதிடும் குற்றமற்ற பெண்மணி ஒருவரைக் கொன்றதே. ஒருவன் கையில் நெறியாயிருந்தது மற்றொருவன் கையிற் பகையாயிற்று. எழுதப்பட்ட சட்டத்திற்கு மேல்முறையீடு உண்டு, சான்று உண்டு, எதிர்வாதம் உண்டு. இத்தனி நெறிக்கு அதனை ஏந்தியவன் மனமன்றி வேறு காவல் இல்லை என்பது இதனால் விளங்கும்.

2011 டிசம்பரில் ஒளிபரப்பான ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியை இயக்கியவர் டால். பாழடைந்த தேவாலயம் ஒன்றில், பலிபீடத்தின்மேற் கிடத்திய கொலைஞன் நெஞ்சில் டெக்ஸ்டர் கத்தியைப் பாய்ச்சும் அந்நொடியில் டெப்ரா உள்ளே வருகின்றாள். காண்கின்றாள். பருவம் அவ்விடத்தே முடிந்தது. 2012 செப்டம்பர் 30-இல் ஏழாம் பருவம் அதே நொடியிலிருந்து தொடங்கிற்று. அப்பகுதியை இயக்கியவரும் டாலே.

அப்பகுதியின் அமைப்பு உன்னத்தக்கது. சினத்தால் அறிவிழந்து செய்துவிட்டேன் என டெக்ஸ்டர் பொய் கூறுகின்றான். தங்கை நம்பவும் நம்பாதிருக்கவும் இயலாது திகைக்கின்றாள். காவல் அதிகாரியாகிய அவளே, தேவாலயத்திற்குத் தீ மூட்டிச் சான்றை அழிக்க உடன்படுகின்றாள். ஆயின், ஐயம் என்னும் வித்து ஊன்றப்பட்டுவிட்டது. பழைய வழக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கின்றாள். அண்ணன் இல்லத்தைத் துருவுகின்றாள். மறைத்து வைத்த கத்திகளும் குருதித் துளி ஏந்திய கண்ணாடிச் சில்லுகளும் வெளிப்படுகின்றன. அவன் வந்து நிற்கின்றான். அவள் நேரே கேட்கின்றாள். அவன் ஆம் என்கின்றான். பெருஞ்சண்டை இல்லை. இருவர், ஓர் அறை, ஒரு வினா, ஒரு விடை. சிற்றூர் மதுக்கடையில் மைக்கேலை நிறுத்தி, உண்மை கூறுவானோ பணம் கொள்வானோ என நம்மைக் காத்திருக்கச் செய்த அதே கைத்திறனை நாம் இங்கும் காண்கின்றோம். அறம் என்பது வாயிற்படியில் நிற்கும் மனிதன் எடுக்கும் முடிவு என்பதே டாலின் படங்கள் பலவற்றின் உள்ளுறை.

அம்முடிவின் விளைவை ஏழாம் பருவம் இரக்கமின்றிக் காட்டுகின்றது. டெப்ரா முதலில் அண்ணனைக் குடிநோயாளனைப் போலக் காவலில் வைத்துத் திருத்த முயல்கின்றாள். பின்னர் மெல்ல மெல்ல அவன் செயலைப் பொறுக்கின்றாள். அதன்பின், சட்டத்திற்குத் தப்பிய ஒருத்தியைக் கொன்றுவிடு எனத் தானே அவனை ஏவுகின்றாள். இதற்கிடையே லகுவெர்ட்டா என்னும் காவல் தலைவி, முன்பு டெக்ஸ்டரின் பழி தன்மேல் விழ மாண்ட டோக்ஸ் என்னும் தோழன் குற்றமற்றவன் என நிறுவப் புறப்படுகின்றாள். அவள் நாடியது நீதி, அடைந்தது சாவு. முன்னர்த் தாய் மாண்டது போன்ற ஒரு சரக்குப் பெட்டியுள், டெப்ரா தன் அண்ணனைக் காக்க லகுவெர்ட்டாவைச் சுட்டு வீழ்த்துகின்றாள். குற்றவாளியரை மட்டுமே தண்டிப்பேன் எனத் தொடங்கிய நெறி, குற்றமற்ற ஒருத்தியை மற்றொரு குற்றமற்றவள் கையாற் கொல்வித்தது.

புதிய பருவம் என்னும் நெருக்கடி

இனி இத்தகைய நாடகத்தின் குறை ஒன்றையும் நடுநின்று கூறல் வேண்டும். திரைப்படம் இரண்டு மணி நேரத்தில் முடிதல் வேண்டும். ஆதலின் தீர்ப்பும் அதற்குள் வரும், அன்றேல் வாராமையே தீர்ப்பாக நிற்கும். பிரிஜட் தப்பினாள் என்பதே அப்படத்தின் கடைசிச் சொல். தொலைக்காட்சிக்கோ கடைசிச் சொல் பகை. மக்கள் விரும்பும் வரை அடுத்த பருவம் வேண்டும். அடுத்த பருவம் வேண்டின் தலைமை மாந்தன் தப்புதல் வேண்டும். அவன் தப்புதற்கு அவனை அறிந்தோர் மாளுதல் வேண்டும். டோக்ஸும் லகுவெர்ட்டாவும் மாண்டது டெக்ஸ்டரின் நெறியால் மட்டுமன்று; நாடகம் நீள வேண்டிய வாணிபத் தேவையாலும் ஆகும்.

இதன் உண்மையைப் பின் வரலாறு காட்டும். 2013-இல் டெப்ராவின் மரணத்தோடும் டெக்ஸ்டர் தனியே ஒளிந்து வாழ்வதோடும் நாடகம் முடிந்தது. பலர் மனநிறைவு கொள்ளவில்லை. 2021 நவம்பரில் ‘நியூ பிளட்’ என்னும் தொடர்ச்சி வந்தது. 2022 சனவரியில் அதன் இறுதியில், குற்றமற்ற காவலர் ஒருவரைத் தந்தை கொன்றதை அறிந்த மகன் ஹாரிசன் தந்தையைச் சுடுகின்றான். மகனே நீதிபதியான அம்முடிவு கடுமையானது, ஆயினும் பொருத்தமானது. எனினும் 2025 சூலை 11-இல் ‘ரெசரக்ஷன்’ என்னும் புதிய நாடகம் தொடங்கியது. டெக்ஸ்டர் சாகவில்லை, மயக்கத்தினின்று விழித்தான் என்றனர். நியூயார்க் நகரில் நிகழும் அதன் பத்துப் பகுதிகளில் மீண்டும் வேட்டை. உண்மையைத் தொடர்ந்து வந்த பழைய தோழன் பாட்டிஸ்டாவும் மாண்டான். அவ்வாண்டு அக்டோபரில் அதற்கும் இரண்டாம் பருவம் உண்டு என அறிவிக்கப்பட்டது. மகன் அளித்த தீர்ப்பை வாணிபம் மாற்றி எழுதிற்று. நாடகத்தின் சுவை குன்றவில்லை எனினும், தீர்ப்பு தள்ளிவைக்கப்படுந்தோறும் அறத்தின் எடை குறைகின்றது என்பது நம் கருத்து.

கதைதானே எனச் சிலர் கூறுவர். கனடா நாட்டு எட்மன்டன் நகரில், டெக்ஸ்டர் மீது பேரார்வம் கொண்ட ஒருவன் 2008-இல் யாதொரு குற்றமும் அறியாத ஒருவரை வஞ்சித்து வருவித்துக் கொன்றான்; 2011-இல் ஆயுள் தண்டனை பெற்றான். அவனும் திரைப்படம் எடுப்பவனே! நாடகம் அவனைக் கொலைஞனாக்கிற்று என்றல் மிகைப்படக் கூறலாம். கோடிக்கணக்கானோர் கண்டு அமைதியாகவே வாழ்கின்றனர். ஆயினும், தன் வெறிக்கு அழகிய உடை தேடுவோனுக்கு ‘நெறி’ என்னும் சொல் எளிதில் உடையாகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் இரண்டு உண்மைகள் போதரும். ஒன்று, ஜான் டாலின் தொழில் வாழ்வு கற்பிப்பது. அரங்கில் அவருக்குப் பெருஞ்செல்வம் வாய்க்கவில்லை, பெரும்படம் வீழ்ந்தது, சிறுபடங்கள் காலந்தாழ்த்தே பாராட்டப் பெற்றன. அதற்காக அவர் கைத்தொழிலை விடவில்லை. பிறர் எழுதிய கதையில், பிறர் அமைத்த அரங்கில், தம் பங்கைச் செவ்வனே செய்தார். புகழ் சிறிதாயினும் பணி செம்மையாதல் கூடும் என்பதற்கு அவர் சான்று.

மற்றொன்று, நாடகம் கற்பிப்பது. டெக்ஸ்டரை விரும்பி நோக்கும் நாம் டெப்ரா நின்ற அவ்வாயிலிலேயே நிற்கின்றோம். அவள் கண்டதை நாமும் கண்டோம். அவள் பொறுத்ததை நாமும் பொறுத்தோம். அவளுக்கு நேர்ந்த கேட்டைக் கண்டு நாம் திடுக்கிடுவோமாயின், அந்நாடகம் தன் கடனைச் செய்தது. திடுக்கிடாது அடுத்த பருவம் எப்பொழுது வரும் என்று மட்டும் கேட்போமாயின், குறை நாடகத்தின்கண் மட்டுமன்று. நீதிமன்றங்கள் மெல்லச் செல்வன, சிலகால் தவறுவன. அவற்றைச் செப்பஞ் செய்தல் குடிமக்கள் அனைவர்க்கும் உரிய நெடும்பணி. அந்நெடும்பணிக்குப் பொறுமையின்றி, இருளில் ஒருவன் கத்தியை நம்பும் நாட்டில், அக்கத்தி அடுத்து யார்மேற் பாயும் என்பதை அறிவார் எவருமிலர்.